மன்னிக்குப் படுக்க ஓர் இடம்

எங்கள் மன்னி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். மற்றப் பெண்கள் வெள்ளிப் பாத்திரத்தைப் பார்ப்பார்கள், வைரத் தோட்டைப் பார்ப்பார்கள், அந்த வீட்டு மாட்டுப்பெண் மெலிந்திருக்கிறாளா என்று பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். மன்னி மட்டும் இங்கே படுக்க எங்கே இடம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பாள்.

எனக்குப் பெண் பார்க்க மாம்பலம் போனோம். மாம்பலத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. தெருவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தெருவைத்தான் இன்னும் போடவில்லை. பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டு எல்லாம் முறைப்படி நடந்தன. திரும்பும்போது ஜட்காவில் மன்னியிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"பொண்ணு எப்படி மன்னி?"

"கூடத்துக்குப் பின்னாடி ஒரு உள் இருக்குடா. சிமிட்டித் தரை. கால் வெச்சா ஜில்லுங்கறது. சாத்திண்டா வெளிச்சமே வராது."

"சரி, பொண்ணு?"

"அவளும் இருந்தா."

அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. ஆபீஸில் என்ன உத்தியோகம் என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். "கப்பல்ல சாமான் வந்தா வந்துதுன்னு எழுதுவேன், வரலேன்னா வரலேன்னு எழுதுவேன்" என்றேன். சபையைச் சிரிக்க வைக்கலாம் என்று சொன்னது. அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். வருத்தம் என்னவென்றால் அது உண்மைதான். மன்னி மட்டும் அந்த அறையை நினைத்து ரொம்ப நாள் குறைப்பட்டுக்கொண்டாள், "நல்ல உள்ளுடா அது" என்று.

மன்னி என்றால் என் அண்ணாவின் பெண்டாட்டி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே வயிற்று வலியோடு வந்தாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மா, அண்ணா, மன்னி, நான் என்று நாலு பேர். அப்பா எப்போதோ போய்விட்டார். அண்ணா வக்கீல். நான், மேலே சொன்னபடி, கப்பல் வந்ததா என்று பார்க்கிறவன்.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் விலகி உட்கார வேண்டும். அடுக்களை கிடையாது, பூஜை கிடையாது. யாரையும் தொடக் கூடாது, யாரும் தொடவும் கூடாது. அதற்கென்று கொல்லையில் கிணற்றைத் தாண்டி ஓடு வேய்ந்த ஓர் அறை இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஓர் அரைக்கதவு. அம்மாவுக்கு அதெல்லாம் நின்று போனதால் அந்த அறைக்கு மன்னி ஒருத்திதான் குடித்தனம். அந்த நாள் வந்ததும் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஜமீனைப் பாத்துட்டு வரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஜமீனில் நடந்ததெல்லாம் சித்திரவதை. வலி உச்சத்தில் இருக்கும் நாளும் ஒருத்தரும் தொடக் கூடாத நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. அம்மா தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, எட்ட நின்று வாசற்படியில் வைப்பாள். மன்னி தவழ்ந்து வந்து அதை எடுத்து அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு முழங்காலை மார்புவரை மடக்கிப் படுப்பாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று பாயின் ஓரத்தைக் கடிப்பாள். ஒரு தடவை அம்மா அந்தப் பாயை வெயிலில் காயப் போட்டுவிட்டு, "கொல்லையில எலி வந்துடுத்து" என்று எலிப்பொறி வைத்தாள். நாங்கள் எலிக்காக ஒரு வாரம் காத்திருந்தோம்.

ஆனாலும் அந்த அறையை மன்னி விரும்பினாள். காரணம் சுலபம். அங்கே படுக்கலாம், ஏன் படுத்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மற்ற நாட்களில் ஒரு சுமங்கலி வீட்டில் தலை சாய்ப்பது லேசான காரியமா? வெள்ளிக்கிழமை என்றால் படுக்கக் கூடாது. விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்தால் லட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள். விருந்தாளி வந்திருக்கிறார், கேஸ் விஷயமாகக் கட்சிக்காரர் வந்திருக்கிறார், இன்றைக்கு ஏகாதசி. எல்லாம் தாண்டி ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை கிடைத்தால் அன்றைக்கு அப்பளம் இட வேண்டும்.

நான் காலையில் குளிக்கப் போகும்போது கிணற்றடியிலிருந்தே அவளிடம் பேச்சுக் கொடுப்பேன். ஆபீஸில் எங்கள் மேனேஜர் துரை தும்முவதை நடித்துக் காட்டுவேன். அரைக்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"வேண்டாம்டா, சிரிச்சா இழுக்கறது. உன் உத்தியோகத்தைப் பத்திச் சொல்லு. அதுல சிரிப்பே கிடையாது."

குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று ஊரே சொல்லிற்று. வைத்தியர் சொன்னார், புரோகிதர் சொன்னார், பால்காரிகூடச் சொன்னாள். குழந்தைதான் பிறக்கவில்லை. அது பிறக்காமல் தடுத்துக்கொண்டிருந்ததே அந்த நோய்தான் என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணாவுக்கு இரண்டாம் கல்யாணம் பேச ஒருவர் வந்தார். அண்ணா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அண்ணா கெட்டவன் இல்லை. வலி என்றால் என்ன என்று தெரியாதவன், அவ்வளவுதான். தலைவலிகூட அவனுக்கு வந்தது கிடையாது. எனக்கு வேண்டுமானால் வந்திருக்கிறது, அவனோடு பேசிவிட்டு வரும்போது.

ஒரு மாசி மாதச் சாயங்காலம் சாந்தோம் பக்கம் கடற்கரைக்குப் போயிருந்தோம். அண்ணா வேஷ்டி அழுக்காகாமல் துண்டு விரித்து உட்கார்ந்தான். மன்னி கடலைப் பார்க்கவில்லை. மணலைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறாத மணல். அப்படியே குப்புறச் சாய்ந்து வயிற்றை அதில் அழுத்திக்கொண்டு நீட்டிப் படுத்துவிட்டாள். ஒன்பது கஜப் புடவையும் தலைநிறையப் பூவுமாக ஒரு மயிலாப்பூர் மாமி நாலு பேர் நடமாடும் கடற்கரையில் குப்புறக் கிடந்தால் எப்படி இருக்கும்! அண்ணாவின் சீனியர் வக்கீல் வேறு குடும்பத்தோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அண்ணா துண்டைக்கூட மறந்து துள்ளி எழுந்தான்.

"எழுந்திரு, எழுந்திரு! பெரியவர் வரார்."

"வரட்டுமே. எல்லாரும் மணல்ல உக்காந்துண்டுதானே இருக்கா? நான் கொஞ்சம் நீளமா உக்காந்துண்டிருக்கேன்."

சீனியர் வக்கீல் கௌரவமானவர். கடலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்கு அப்புறம் மன்னியால் நிமிர்ந்து நடக்க முடியாமல் போயிற்று. சோறு உள்ளே இறங்கினாலே வலி, வெளிக்குப் போனாலும் வலி. அடிவயிற்றில் கை வைத்தால் கட்டி தட்டுப்பட்டது. எழும்பூர் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா ஆபரேஷன் செய்தாள். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டாள். முடிந்த பிறகு அண்ணாவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினாள். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு இவளுக்கு வெளியே முளைத்துக் குடல்மேலெல்லாம் படர்ந்திருக்கிறதாம். மாதா மாதம் அதுவும் சேர்ந்து ரத்தம் விடும். போக வழியில்லாமல் உள்ளேயே கட்டிக்கொள்ளும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னாள். ரயில் மாதிரி அவ்வளவு நீளம். நான் அதைச் சொல்லிப் பார்க்க முயன்று நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"எடுக்கக்கூடியதை எடுத்துட்டேன்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்சு விட்டா மறுபடியும் ஒட்டிக்கும். கத்தி பட்ட இடமெல்லாம் புதுசா ஒட்டவும் ஒட்டும். மாச விலக்கு இனி கிடையாது. வலி விட்டு விட்டு வரலாம். கனம் தூக்கக் கூடாது. வலிக்கிறப்ப படுக்க விடணும்."

மாச விலக்கு இனி கிடையாது என்பதுவரை அண்ணா கேட்டுக்கொண்டான். மீதியை நான்தான் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆஸ்பத்திரி வாசனையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மன்னியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றவன் அப்படியே சரிந்தேன். பக்கத்துக் கட்டிலில் என்னைக் கிடத்தி நர்ஸ் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண்ணைத் திறந்தால் மன்னி தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நன்னா இருக்குடா. இத்தனை வருஷமா படுக்க இடம் கேட்டது நான். படுத்துண்டது நீ" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். உடனே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் எல்லோரும் தாங்கினோம். அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது. மாத விலக்கு நின்று போனதால் மன்னிக்கு மூன்று நாள் ஓய்வும் நின்று போயிற்று. இனி இந்த வீட்டில் விலகி உட்கார ஆளே இல்லை. கொல்லை அறைக்குள் அம்மா விறகை அடுக்கிவிட்டாள். மழை படாமல் இருக்க நல்ல இடம் என்றாள்.

"ஜமீன் ஜப்தி ஆயிடுத்துடா" என்றாள் மன்னி என்னிடம்.

போதாக்குறைக்கு, முப்பது நாளும் தீட்டில்லாமல் மடியாக இருக்கக்கூடிய ஒரு சின்ன வயசு மாட்டுப்பெண் இருக்கிறாள் என்கிற சங்கதி சொந்தக்காரர்களுக்கெல்லாம் பரவிவிட்டது. சிராத்த நாள் வந்தால் வீட்டுப் பெண் அன்றைக்கு விலக்காகிவிடுவாளோ என்பதுதான் எல்லார் வீட்டிலும் கவலை. மன்னி விஷயத்தில் அந்தப் பயமே கிடையாது. மந்தைவெளியில் சமாராதனை என்றால் சமைக்க மன்னி. அடையாற்றில் சுமங்கலிப் பிரார்த்தனை என்றால் மன்னி. மாம்பலத்தில் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, மாதம் தவறாமல் ஜட்கா அனுப்பிவிடுவாள். பெரிய கோவில்களுக்குத் தேர் மாதிரி எங்கள் குடும்பத்துக்கு மன்னி. யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம்.

"உன் மாட்டுப்பொண்ணுக்கு என்னடி குறைச்சல்? பகவான் அவளுக்குன்னு ஒரு சௌகரியம் பண்ணிக் குடுத்திருக்கார்" என்பாள் அத்தை அம்மாவிடம்.

வலி நிற்கவில்லை. முன்பு மாதத்தில் மூன்று நாளாவது ஒரு கணக்கு இருந்தது. இப்போது எப்போது வரும் என்றே தெரியாது. குனிந்து உருளியைத் தூக்கினால் இழுக்கும், கையை உயர்த்திப் பரணில் எதையாவது எடுத்தால் இழுக்கும். "உள்ளே யாரோ கெட்டித் தையலாப் போட்டுச் சுருக்கி வெச்சிருக்காடா. நிமிந்தா பிரியப் பாக்கறது, பிரியவும் மாட்டேங்கறது" என்று சொன்னாள். ஜட்காவில் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பாதி தூக்கிக்கொண்டே வருவாள். ஜட்காக்கார சாயபு ஒரு நாள் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, குந்த முடியலியா? வைக்கோலு மெத்தைகணக்கா கீது, படுத்துக்கினு வா. யாரு பாக்கப் போறா?" என்றார். மன்னி கண்ணில் ஆசை வந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவள் உட்கார்ந்தபடியேதான் வந்தாள். வண்டி அப்போது கோவில் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளைத் தேடினால் வினோதமான இடங்களில் கிடைப்பாள். மாடிப்படிக்கு அடியில், நெல் குதிருக்குப் பின்னால், மணையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அடுக்களை மூலையில். காலடிச் சத்தம் கேட்டதும் எதையோ தேடுகிற மாதிரி எழுந்துவிடுவாள். ஒருமுறை என் காலடி என்று தெரிந்து எழுந்திருக்கவில்லை. அதைப் பெரிய பட்டம் மாதிரி நான் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. பட்டம்தான் கிடைக்கவில்லையே.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணாவிடம் நேராகவே கேட்டாள்.

"அந்தக் கொல்லை உள்ளை மட்டும் எனக்கு ஒழிச்சுக் குடுத்துடுங்கோ."

"எதுக்கு?"

"படுத்துக்க."

"படுத்துக்கறதுக்கு எதுக்கு உள்? அதான் ஆபரேஷன் ஆயிடுத்தே!" அண்ணாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. கேஸ் ஜெயித்தாகிவிட்டது, கட்சிக்காரர் இன்னும் அழுகிறார் என்கிற மாதிரி அவளைப் பார்த்தான்.

அம்மா மோர் விட்டுக்கொண்டே சொன்னாள்: "விலகாதவளுக்கு விலகற உள் எதுக்குடீ? நாலு பேர் பாத்தா வியாதிக்காரின்னுதான் பேசுவா."

மன்னி அதற்கப்புறம் கேட்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்தாலே வேடிக்கைக்குத்தான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அண்ணா சிரித்துவிட்டான்.

அப்பாவின் சிராத்தம் வந்தது. அத்தை முதல் நாளே மாம்பலத்திலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டாள். காலையில் மன்னி குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டினாள். அன்றைக்கு எத்தனை கறி, எத்தனை பச்சடி, எத்தனை பட்சணம்! எல்லாம் ஒருத்தி கையால் மடியாக ஆக வேண்டும். பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. உளுந்து அரைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மன்னி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில். முகம் வெளுத்துப் போயிருந்தது. கூடத்தைத் தாண்டி, எங்கள் எல்லோரையும் தாண்டி, கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"நான் விலக்கு" என்றாள்.

வீடு அப்படியே நின்றுவிட்டது. சாஸ்திரிகள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணா பஞ்சகச்சத்தோடு ஓடி வந்தான்.

"அதெப்படி? அதான் ஆபரேஷன்..." என்று ஆரம்பித்தவன் சாஸ்திரிகள் காதில் விழுமே என்று நிறுத்திக்கொண்டான். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் பேர் வாங்கியவன் அண்ணா. இந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது? ஒரு ஆண்பிள்ளை இதில் என்ன கேள்வி கேட்க முடியும்? என்னைப் பார்த்தான். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"என்னடி இது, நடக்காத காரியமா இருக்கே!" என்று அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். "அவளுக்குத்தான் எல்லாத்தையும் எடுத்தாச்சே?"

அம்மா மன்னியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னி தலையைக் குனியவில்லை, அழவும் இல்லை. இரண்டு கையாலும் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடக்காத காரியம் என்று அந்த வீட்டில் அம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மடி விஷயத்தில் அம்மா ஒரு நெல்முனை விட்டுக்கொடுத்தது கிடையாது. அவள் நிழல் பட்டால் நாங்கள் நகர்ந்து நிற்போம்.

"விலக்குன்னா விலக்குதான்" என்றாள் அம்மா. "அடுக்களையில இருக்கறது அத்தனையும் தீட்டு. கொண்டுபோய்க் கொட்டுங்கோ. நான் குளிச்சுட்டு வந்து பண்றேன்."

"நீயா? உன் முழங்காலுக்கு..." என்றாள் அத்தை.

"என் ஆம்படையானுக்குத்தானே பண்றேன்? பண்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன நின்னுண்டிருக்கே? சிராத்தம் பண்ற கர்த்தா அண்ணாதானே. போய் அந்த உள்ளுல இருக்கிற விறகையெல்லாம் எடுத்து வெளியில போடு. அப்புறம் குளிச்சுக்கலாம்."

போட்டேன். விறகு தூக்கிப் பழக்கமில்லாதவன். ஒரு கட்டை கால் கட்டைவிரலில் விழுந்தது. ஒற்றைக் காலில் குதித்தேன். மன்னி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரிப்பு வந்துவிடுமே என்று. அறை காலியானதும் உள்ளே போனாள். பாய்கூட இல்லை, வெறும் தரை. வளையல் தரையில் பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு நீண்ட மூச்சு.

சிராத்தம் முடிய உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. பிராமணர்கள் போன பிறகு அம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொல்லை அறைப் படியில் வைத்துவிட்டு விலகினாள். வீட்டுக்குள் திரும்பிப் போகவில்லை. கிணற்றடியில், வெயில் நேராக விழுகிற இடத்தில், தரையோடு உட்கார்ந்துகொண்டாள். நான் கால் விரலில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"டீ."

"உம்."

"இப்பவும் இழுக்கறதா?"

"இழுக்கறதும்மா."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். கீழே."

"ஆபரேஷன் ஆன அன்னிலேர்ந்தேவா?"

"அன்னிலேர்ந்தே."

அம்மா எழுந்தாள். அறையைப் பார்த்து இரண்டடி வைத்தாள். கை முன்னால் நீண்டிருந்தது, எதையோ தடவிக் கொடுக்கப் போகிற மாதிரி. கொல்லைக் கதவில் அத்தை விசிறியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தொட்டுவிட்டால் எல்லாம் பொய் என்று ஆகிவிடும். அடுத்த வாரமே மாம்பலத்திலிருந்து ஜட்கா வந்து நிற்கும். அம்மா நின்றாள். கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"கொளுத்தற வெயில்ல அங்கே என்ன பண்ணிண்டிருக்கே? ஒரு வாய் சாப்பிட வாயேன்" என்றாள் அத்தை.

"நீ போய்ச் சாப்பிடு. நான் இப்படிக் காத்தாடக் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்றாள் அம்மா.

நான் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஓர் ஓலைகூட அசையவில்லை.